மரத்தை வெட்டுவதா, விடுவதா? அறிகுறி வாரியாகப் பார்க்கும் முறை

மரம் பார்க்கக் கூப்பிடுகிறவர்கள் அனேகமாக அண்ணாந்து பார்த்துக்கொண்டுதான் பேசுவார்கள். இலை பழுத்திருக்கிறது, உச்சி மெலிந்திருக்கிறது, ஒரு கொப்பு காய்ந்திருக்கிறது என்பார்கள். நான் குனிந்து அடிமரத்தைப் பார்ப்பேன். நான் போய்ப் பார்த்த வீடுகளில் வேரோடு விழுந்து கிடந்த மரங்களில் பல, விழுந்த அன்றும் தழைத்துத்தான் இருந்தன. பச்சை இலை மரத்துக்கு உயிர் இருப்பதைச் சொல்லும். பிடிப்பு இருப்பதைச் சொல்லாது. மறுபுறம், வெட்டியே ஆகவேண்டும் என்று என்னிடம் காட்டப்பட்ட மரங்களில் ஒரு நல்ல பங்கு, காய்ந்த நாலு கொப்பை எடுத்ததோடு சரியாகிவிட்டது.

உங்கள் மரத்தில் தெரியும் அறிகுறி எதுவோ அந்தத் தலைப்புக்குப் போங்கள். ஒவ்வொன்றிலும் சாதாரணக் காரணம் முதலில் வரும், செலவு வைக்கும் காரணம் கடைசியில் வரும். ஆனால் அடுத்த இரண்டு பகுதிகளை எல்லோரும் படித்துவிட வேண்டும்.

## சோதனையே வேண்டாம், விலகி நில்லுங்கள்

கீழ்க்கண்டவற்றில் ஒன்று இருந்தாலும் மரத்தின் அருகே போகாதீர்கள். மரத்தின் உயரத்தைப்போல் ஒன்றரை மடங்கு தூரத்துக்கு ஆட்களையும் வண்டிகளையும் அப்புறப்படுத்திவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள்.

- மரமோ கிளையோ மின்கம்பியைத் தொடுகிறது அல்லது அதன்மேல் கிடக்கிறது. இதில் முதல் அழைப்பு மின்வாரியத்துக்குத்தான், மரம் வெட்டுபவருக்கு இல்லை. ஈர மரத்தில் மின்சாரம் பாயும். சுற்றியுள்ள தரையிலும் பரவியிருக்கலாம். 10 மீட்டருக்குள் போகாதீர்கள். ஏற்கெனவே உள்ளே இருந்தால் எட்டு வைத்து நடக்காமல், இரண்டு பாதங்களையும் தரையிலிருந்து எடுக்காமல் தேய்த்தபடி வெளியே வாருங்கள்.
- நேற்று நேராக இருந்த மரம் இன்று சாய்ந்திருக்கிறது.
- காற்றடிக்கும்போது அடிமரத்தைச் சுற்றியுள்ள மண் மேலெழுந்து தாழ்கிறது.
- உடைந்த பெரிய கிளை கீழே விழாமல் மற்றொரு கிளையில் தொங்குகிறது. அது எப்போது விழும் என்று யாராலும் கணிக்க முடியாது.
- மரத்துக்குள்ளிருந்து முறியும் ஓசை கேட்கிறது.

## முதலில் ஒரு கேள்வி: விழுந்தால் எதன்மேல் விழும்?

ஒரே பொந்து, ஒரே அளவு அழுகல் உள்ள இரண்டு மரங்களில் ஒன்றை வெட்டச் சொல்வேன், மற்றதை விடச் சொல்வேன். முதலாவது குழந்தைகள் படுக்கும் அறைக்கு மேல் நிற்கும். இரண்டாவது தோட்டத்தின் கோடியில், ஆள் நடமாட்டமே இல்லாத இடத்தில் நிற்கும். அதனால் மரத்தைப் பார்ப்பதற்கு முன்னால், அது எட்டக்கூடிய வட்டத்துக்குள் என்னென்ன இருக்கிறது என்று பாருங்கள்.

உயரம் தெரிய ஏணி வேண்டாம். உங்கள் கண்ணிலிருந்து நீட்டிய கைவிரல் வரை எவ்வளவு நீளமோ அவ்வளவு நீளக் குச்சி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். கையை நீட்டி அதைச் செங்குத்தாகப் பிடித்தபடி பின்னால் நடந்துகொண்டே போங்கள். குச்சியின் கீழ்முனை அடிமரத்தோடும் மேல்முனை உச்சியோடும் பொருந்தும் இடத்தில் நில்லுங்கள். சமதரையாக இருந்தால், அங்கிருந்து மரம் வரை உள்ள தூரமே ஏறத்தாழ மரத்தின் உயரம்.

அந்த வட்டத்துக்குள் வீடு, பாதை, வண்டி நிறுத்துமிடம், மின்கம்பி, பக்கத்து வீட்டுக் கூரை என எதுவும் இல்லையென்றால் கீழே வரும் பெரும்பாலான அறிகுறிகளுக்கு அவசரம் கிடையாது. சில சமயம் மரத்தை விட்டுவிட்டு ஊஞ்சலையோ வண்டியையோ இடம் மாற்றினாலே போதும். இதை யாரும் யோசிப்பதில்லை என்பது எனக்கு இன்னும் வியப்புதான்.

சோதனைக்கு வேண்டியவை: மரச் சுத்தியல், நீளமான திருப்புளி, சிறு கத்தி, அளவுநாடா, நூலில் கட்டிய ஒரு குண்டு, கைபேசிக் கேமரா.

## அறிகுறி: மரம் சாய்ந்திருக்கிறது

வெளிச்சம் தேடிய சாய்வு. பக்கத்தில் கட்டடமோ பெரிய மரமோ இருந்தால் இளமையிலேயே வெயில் பக்கம் வளைந்திருக்கும். அடியில் சாய்ந்து, மேலே போகப்போக மீண்டும் நிமிர்ந்திருந்தால் அது பழைய சாய்வு. மரம் அதற்கேற்ப வேரையும் தடித்த கட்டையையும் வளர்த்துக்கொண்டிருக்கும். பழைய குடும்பப் படங்களில் மரம் தெரிகிறதா என்று தேடுங்கள். பத்தாண்டுக்கு முந்தைய படத்திலும் அதே சாய்வு இருந்தால் அதைப் பற்றிக் கவலை வேண்டாம். தென்னை பெரும்பாலும் இந்த வகைதான்.

ஒரு பக்கம் மட்டும் பாரம். மறுபக்கக் கிளைகளை யாரோ வெட்டியிருப்பார்கள். பாரமான பக்கத்தைக் குறைத்தால் போதும். ஓராண்டில் பச்சைக் கிளைகளில் கால் பங்குக்கு மேல் எடுக்க வேண்டாம்.

இளமரம், இளகிய மண். கை மொத்தத்துக்குள் இருக்கும் மரம் மழையில் சாய்ந்திருந்தால் நிமிர்த்தி, இரண்டு பக்கமும் கழி நட்டு, அகலமான துணிப்பட்டையால் தளர்வாகக் கட்டுங்கள். ஓராண்டில் கட்டை அவிழ்த்துவிட வேண்டும். பெரிய மரத்தைக் கயிறு போட்டு இழுத்து நிமிர்த்துவது வீண்வேலை. அறுந்த வேர் மறுபடி ஒட்டாது.

வேர் போய்விட்டது. தண்டு முழுவதும் கோல் மாதிரி நேராகவே சாய்ந்திருக்கிறதா, மேலே நிமிரவில்லையா? அப்படியானால் சாய்வுக்கு எதிர்ப்பக்கம் போங்கள். அங்கே மண்ணில் பிறை வடிவ விரிசல், மண் உப்பியிருப்பது, இழுபட்டு வெளியே தெரியும் வேர் ஆகியவற்றில் ஏதாவது உண்டா பாருங்கள்.

சாய்வை அளக்க, தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் தண்டின்மேல் நூலின் முனையை வைத்துக் குண்டைத் தொங்கவிடுங்கள். கீழே குண்டுக்கும் தண்டுக்கும் 40 செ.மீ. இடைவெளி வந்தால் சாய்வு சுமார் 15 பாகை. தேதியோடு எழுதி வையுங்கள், மாதம் ஒருமுறை அளங்கள்.

எதிர்ப்பக்கம் மண் வெடித்திருந்தால் அன்றைக்கே வல்லுநர். மண் சரியாக இருந்து, அளவு மட்டும் மாதத்துக்கு மாதம் கூடினாலும் வல்லுநர். அளவு கூடவில்லை, மண்ணும் அசையவில்லை என்றால் 15 பாகைக்கு மேல் இருந்தாலும் பதற்றம் வேண்டாம். அடுத்த மழைக்காலத்துக்கு முன் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

## அறிகுறி: அடியில் காளான்

நான் மிகவும் பயப்படும் அறிகுறி இது. வீட்டுக்காரர்கள் மிகக் குறைவாகப் பொருட்படுத்துவதும் இதைத்தான். உச்சி காய்ந்தால் ஓடிவருகிறவர்கள், அடியில் தட்டுத் தட்டாய் ஒட்டியிருக்கும் காளானை அழகாயிருக்கிறதென்று படம் பிடித்து அனுப்புகிறார்கள்.

மண்ணிலிருந்து வருகிறதா? எருவிலும் மக்கிய இலையிலும் குடைக்காளான் முளைக்கும். மென்மையாக இருக்கும், சில நாட்களில் கரைந்துபோகும். மெதுவாகத் தோண்டிப் பாருங்கள். அடியில் வெறும் மண்தான் என்றால் மரத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை.

பழைய மரத்தின் வேரிலிருந்து? முன்பு அங்கே வேறு மரம் இருந்து வெட்டியிருந்தால் அதன் வேர் மக்கும்போதும் காளான் வரும். பெரும்பாலும் கெடுதலில்லை.

இதே மரத்தின் வேரிலோ அடியிலோ ஒட்டியிருக்கிறதா? கட்டையாக, தட்டு அல்லது குளம்பு வடிவில், பட்டையிலிருந்தே புடைத்து, ஆண்டுக்காண்டு பெரிதாகும் காளான் என்றால் உள்ளே அழுகல் வெகுகாலமாக நடந்துகொண்டிருக்கிறது. காளானின் உடல் கட்டைக்குள் பரவி முடிந்த பிறகுதான் இந்தத் தட்டு வெளியே வரும். அதைப் பெயர்த்து எறிவதால் எதுவும் குணமாகாது. வல்லுநர் வந்து பார்க்கும்வரை பெயர்க்காதீர்கள். எந்த வகைக் காளான் என்று தெரிந்தால் எவ்வளவு வேகமாகப் பரவும் என்று அவரால் சொல்ல முடியும்.

சோதனை: அடிமரத்தைச் சுற்றி ஒரு சாணுக்கு ஒரு தட்டு என்று மரச் சுத்தியலால் தட்டிக்கொண்டே வாருங்கள். கெட்டியான இடத்தில் ‘டக்’ என்று நிற்கும். உள்ளே கூடானால் பறை மாதிரி ஒலிக்கும். ஓசை மாறும் இடத்தைச் சுண்ணக்கட்டியால் குறியுங்கள். பிறகு தரைமட்டத்துக்கு ஒரு விரற்கிடை கீழே, தண்டிலிருந்து வேர் பிரியும் ஒவ்வொரு மடிப்பிலும் திருப்புளியை அழுத்துங்கள். நல்ல கட்டையில் நுனி நிற்கும். கையழுத்தத்திலேயே இரண்டு மூன்று சென்டிமீட்டர் இறங்கினால் அந்த வேர் போய்விட்டது.

ஒரே ஒரு வேர் மட்டும் போயிருந்தால் தப்பிக்க வழி உண்டு, வல்லுநர் சொல்லட்டும். இரண்டு மூன்று பக்கம் இறங்கினால், கீழே வீடும் இருந்தால், மரத்தை எடுத்துவிட மனத்தைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

தென்னைக்குத் தனிக்கணக்கு. அடித்தண்டில் செம்பழுப்பு நீர் கசிவதும், கீழ்மட்டைகள் வாடித் தண்டோடு ஒட்டித் தொங்குவதும், பிறகு அடியில் தட்டுக்காளான் வருவதும் அடித்தண்டழுகல் நோயின் வரிசை. காளான் தெரியும் கட்டத்தில் அந்த மரம் மீளாது. இந்த நோய் வேர் வழியாக அடுத்த தென்னைக்கும் போகும் என்பதால், மேல் மரத்தை மட்டும் வெட்டிவிட்டு அடிக்கட்டையை விட்டுவைக்காதீர்கள்; அடிக்கிழங்கோடு தோண்டி எடுங்கள்.

## அறிகுறி: பொந்து

பொந்து இருப்பதனாலேயே மரத்தை வெட்ட வேண்டியதில்லை. நடுவில் இருக்கும் வைரம் ஏற்கெனவே உயிரற்ற கட்டைதான். நீரும் உணவும் ஓடுவது அதற்கு வெளியே, பட்டையை ஒட்டிய பகுதியில். நடுவே கூடாகி நூறாண்டு நிற்கும் மரங்கள் உண்டு. சுவர் எவ்வளவு கனம் என்பதுதான் கேள்வி.

மர வல்லுநர்கள் வைத்திருக்கும் ஒரு எளிய கணக்கு: கெட்டியான சுவரின் கனம், தண்டின் ஆரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காவது இருக்க வேண்டும். தண்டின் சுற்றளவு 188 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். அதை 3.14ஆல் வகுத்தால் விட்டம் 60, ஆரம் 30. அப்படியானால் சுற்றிலும் 10 செ.மீ. நல்ல கட்டை வேண்டும். பொந்துக்குள் ஒரு குச்சியைவிட்டு எதிர்ச்சுவர் வரை அளந்தால் தோராயமாகக் கணக்குப் போடலாம். குச்சியை விடுவதற்கு முன் விளக்கடித்துப் பாருங்கள். பாம்பும் தேனீயும் அங்கே குடியிருப்பது சகஜம்.

இந்தக் கணக்கு சுற்றிலும் மூடிய சுவருக்குத்தான் பொருந்தும். பொந்தின் வாய் சுற்றளவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் திறந்து கிடந்தால் சுவர் கனமாக இருந்தாலும் நம்பாதீர்கள். மேலே சாய்வும் சேர்ந்திருந்தால் இன்னும் மோசம்.

சுவரில் நீங்களே துளை போட்டுப் பார்க்க வேண்டாம். மரம் உள்ளே அழுகலைத் தடுத்து எழுப்பியிருக்கும் தடுப்பை அந்தத் துளை உடைத்துவிடும். வல்லுநரிடம் ஊசிபோல் மெல்லிய துளையிட்டு எதிர்ப்பை அளக்கும் கருவியும், தண்டைச் சுற்றி உணரிகள் பொருத்தி ஒலி பாயும் வேகத்தால் உட்புறத்தைப் படமாக்கும் கருவியும் இருக்கும். பெரிய மரம், விலையுள்ள இடம் என்றால் அந்தச் செலவு வெட்டும் செலவைவிடக் குறைவாகவே முடியும்.

பொந்தில் சிமென்ட் நிரப்புவது பற்றி: நானும் ஒருகாலத்தில் நிரப்பியவன்தான். மரம் காற்றில் அசையும், சிமென்ட் அசையாது. உரசி உரசி உள்சுவர் புண்ணாகிறது. நீர் தேங்கி அழுகல் வேகமெடுக்கிறது. கடைசியில் வெட்டும்போது ரம்பத்தின் பல்லும் போகிறது. வெட்டிய காயத்துக்குத் தாரும் வண்ணமும் பூசுவதும் அழுகலைத் தடுப்பதில்லை. அலெக்ஸ் ஷிகோ என்ற அமெரிக்க வனத்துறை ஆய்வாளர் மரங்களை நெடுக அறுத்துப் பார்த்துக் காட்டியது இது: மரம் காயத்தை ஆற்றுவதில்லை, சுற்றிச் சுவரெழுப்பி அடைத்துவிட்டு மேற்கொண்டு வளர்கிறது. நாம் செய்யக்கூடியது அந்தச் சுவரைக் கெடுக்காமல் இருப்பது.

## அறிகுறி: கிளைகள் காய்கின்றன

இலையுதிர்வு. முதலில் இதைத் தள்ளிவிடுங்கள். சுண்டுவிரல் மொத்தக் கொப்பில் நகத்தாலோ கத்தியாலோ பட்டையை லேசாகச் சுரண்டுங்கள். அடியில் பச்சையும் ஈரமும் இருந்தால் உயிர் இருக்கிறது. பழுப்பாக, வறண்டு இருந்தால் அந்த இடம் பட்டுப்போயிற்று. நுனியில் பட்டிருந்தாலும் கீழே வரவரப் பச்சை கிடைக்கலாம். நாலைந்து கிளைகளிலாவது சுரண்டிப் பார்க்காமல் முடிவுக்கு வராதீர்கள்.

நிழலில் காய்ந்த உள்கொப்புகள். கீழேயும் உள்ளேயும் வெயில் படாத கொப்புகளை மரமே கைவிடும். உச்சி நன்றாயிருந்தால் காய்ந்ததை மட்டும் எடுங்கள்.

தண்ணீர். குறைந்தாலும் காயும், தேங்கினாலும் காயும். ஒரு முழ ஆழம் தோண்டி மண்ணைப் பிடித்துப் பாருங்கள். உருண்டை பிடிக்காமல் உதிர்ந்தால் வறட்சி. நாற்றத்தோடு பிசுபிசுத்தால் வேர் மூச்சுத்திணறுகிறது.

புல்லுருவி. காயும் கிளையில் வேறு இலை, வேறு பூவோடு ஒரு கொத்துத் தெரிகிறதா? இலையை மட்டும் பறித்தால் மறுபடி வரும். அது ஒட்டிய இடத்துக்குக் கீழே ஒரு முழம் தள்ளிக் கிளையோடு வெட்ட வேண்டும்.

வேருக்கு நடந்தது. இதுதான் பெரும்பாலானவர்கள் மறந்துபோன காரணம். குழாய் பதிக்கப் பள்ளம் தோண்டியது, வாசலுக்குத் தளம் போட்டது, அடிமரத்தைச் சுற்றி மண்ணைக் குவித்தது போன்றவற்றின் பலன் உடனே தெரியாது. மூன்று நான்கு ஆண்டு கழித்துக்கூட உச்சி காயத் தொடங்கும். அதனால் ‘சமீபத்தில் எதுவும் செய்யவில்லையே’ என்ற பதிலை நான் ஏற்பதில்லை. வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணில், சுமார் அரை மீட்டர் ஆழத்துக்குள்தான் இருக்கும். கிளைகள் பரவிய எல்லையையும் தாண்டிப் போகும். தண்டின் விட்டத்தைப்போல் மூன்று மடங்கு தூரத்துக்குள் பள்ளம் வெட்டியிருந்தால் மரம் நிற்கும் பிடிப்பே போயிருக்கலாம்.

இன்னொன்றையும் பாருங்கள்: மரம் தரையைத் தொடும் இடத்தில் யானைக்கால்போல் விரிய வேண்டும். கம்பம் நட்டதுபோல் நேராக மண்ணுக்குள் இறங்கினால், அடிப்பகுதி புதைந்திருக்கிறது. குவித்த மண்ணைக் கையால் விலக்கி, விரிவு தெரியும்வரை திறந்துவிடுங்கள். சில மரங்கள் இதனாலேயே பிழைத்துக்கொள்கின்றன.

எவ்வளவு காய்ந்தால் என்ன செய்வது?

- கால் பங்குக்குள்: காய்ந்ததை எடுங்கள், நீரைச் சரிசெய்யுங்கள்.
- கால் முதல் அரை வரை: வல்லுநரிடம் காட்டி, ஒரு துளிர்ப்பருவம் பொறுத்துப் பாருங்கள். உரம் போட்டு விரட்டாதீர்கள். வேர் கெட்ட மரத்துக்கு உரம் உதவாது.
- பாதிக்கு மேல்: எடுத்துவிடுவதுதான் சரி.

முழுவதும் பட்டுவிட்ட மரத்தைத் தள்ளிப்போடாதீர்கள். கட்டை நாளாக நாளாக இற்று நொறுங்கும். ஓராண்டு கழித்துக் கூப்பிட்டால் ஏற ஆள் வரமாட்டார். தூக்கி இயந்திரம் வேண்டியிருக்கும், கூலியும் கூடும்.

## அறிகுறி: விரிசல்

பட்டையில் மட்டும் வெடிப்பு, அதற்குள் புதுப்பட்டை தெரிகிறது என்றால் மரம் பருக்கிறது, அவ்வளவுதான்.

இரண்டு சம மொத்தத் தண்டுகள் பிரியும் கவையில் விரிசல் இருந்தால் நின்று பாருங்கள். கவை வாய் அகன்று வளைவாக இருந்தால் பொதுவாக உறுதி. கைகூப்பியதுபோல் குறுகலாக இருந்து, நடுவே பட்டை உள்ளே மடிந்து போயிருந்தால் அந்த இரண்டு தண்டுகளும் ஒன்றோடொன்று இணையவே இல்லை, சும்மா ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. விரிசலின் குறுக்கே வண்ணத்தால் ஒரு கோடு போடுங்கள். காற்றடிக்கும் நாளில் தூரத்தில் நின்று பாருங்கள்: கோடு பிரிந்து சேர்கிறதா?

- பிரியவில்லை: நுனிப்பாரத்தைக் குறைத்து, ஆறு மாதத்துக்கு ஒருமுறை கோட்டைப் பாருங்கள்.
- பிரிகிறது: வல்லுநர் உச்சிப்பக்கத்தில் இரும்பு வடம் பொருத்தித் தாங்கவைக்க முடியுமா என்று சொல்வார். நீங்களே சங்கிலியையோ கம்பியையோ சுற்றிக் கட்டாதீர்கள். மரம் பருக்கப் பருக்க அது கழுத்தை அறுக்கும்.
- விரிசல் தண்டின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வெளிச்சம் தெரியுமளவு போயிருக்கிறது, அல்லது எதிரெதிராக இரண்டு விரிசல்கள்: மரத்தை எடுக்க வேண்டும், கீழே யாரையும் விடாதீர்கள்.

இடி விழுந்து நெடுகப் பட்டை கிழிந்த மரத்தை உடனே வெட்ட வேண்டாம். கட்டை பிளந்திராவிட்டால் ஒரு பருவம் பொறுங்கள்.

## அறிகுறி: பட்டை உரிகிறது

உரிந்த இடத்தில் புதுப்பட்டை இருந்தால் அது மரத்தின் இயல்பு. கொய்யாவும் தைலமரமும் அப்படித்தான். வெறும் கட்டை தெரிந்தால் அளவுநாடாவால் அகலத்தை அளங்கள். சுற்றளவில் கால் பங்குக்குள் என்றால் விட்டுவிடலாம். பாதிக்கு மேல் என்றால் மரம் பிழைப்பது சந்தேகம். முழுவட்டமும் போயிருந்தால் இலை வாடச் சில மாதம் ஆனாலும் முடிவு தெரிந்ததுதான். ஊஞ்சல் கயிறு, துணிக்கொடி, வேலிக்கம்பி இறுகியிருந்தால் இன்றே அறுத்துவிடுங்கள். பட்டைக்குள் புதைந்துவிட்டதைத் தோண்டாமல் இரண்டு பக்கமும் வெட்டிவிட்டால் போதும்.

## அறிகுறி: ஓட்டை, மரத்தூள், எறும்பு, கறையான்

கறையான் மண் பட்டைமேல் மட்டும் ஏறியிருந்தால் பெரும்பாலும் செத்த பட்டையைத்தான் தின்கிறது. தட்டிவிட்டுப் பாருங்கள், அடியில் பட்டை கெட்டியாக இருந்தால் சரி. எறும்பு கூட்டமாகப் போய்வந்தால், அழுகலை எறும்பு உண்டாக்கவில்லை, அழுகல் இருக்கும் இடத்தை அது உங்களுக்குக் காட்டுகிறது. பொந்துக்கான சோதனைக்குப் போங்கள். மா போன்ற மரங்களில் துளையும் அதிலிருந்து தூளும் சக்கையும் தள்ளப்பட்டிருந்தால் உள்ளே தண்டுத்துளைப்பான் புழு இருக்கிறது. ஒன்றிரண்டு துளை என்றால் கம்பியை விட்டுக் குத்தி எடுக்கலாம். தண்டு முழுவதும் துளை, மேலே வாடல் என்றால் தாமதித்துவிட்டீர்கள்.

தென்னையில் தண்டில் துளை, பழுப்புச் சாறு, மென்று துப்பிய நார் ஆகியவை சிவப்புக் கூன்வண்டின் வேலை. தண்டில் காதை வைத்தால் புழு கடிக்கும் ஓசைகூடக் கேட்கும். நடுக்குருத்தைப் பிடித்து இழுங்கள். உறுதியாக இருந்தால் மருத்துவம் உண்டு. கையோடு வந்து, நாறினால் மரத்தின் கதை முடிந்தது. தென்னைக்கும் பனைக்கும் வளரும் முனை ஒன்றே ஒன்று, வேறு இடத்தில் துளிர்க்காது.

## அறிகுறி: சுவரில், தளத்தில், குழாயில் வேர்

இந்தத் தலைப்பில் மட்டும் மரம் வெட்டுபவருக்கு முன்னால் கட்டடப் பொறியாளரைக் கூப்பிடச் சொல்வேன்.

குழாய்க்குள் வேர் போயிருந்தால், பெரும்பாலும் குழாய் முன்பே கசிந்திருக்கிறது. வேர் ஈரத்தைத் தேடி இணைப்பு வழியாக நுழைந்தது. குழாயை மாற்றுங்கள், மரத்தை வெட்டிவிட்டுக் குழாயை விட்டுவைத்தால் அடுத்த மரம் வரும்.

தளம் உயர்ந்திருந்தால் அந்தக் கல்லை எடுத்து, வேருக்குமேல் மணலிட்டுச் சற்று உயர்த்திப் போடலாம். வேரை வெட்டுவது கடைசி வழி.

சுவர் விரிசலுக்கு, இரு முனைகளிலும் பென்சிலால் தேதியிட்டுக் குறியுங்கள். களிமண் நிலத்தில் கோடையில் விரிந்து மழையில் மூடினால், மரம் உறிஞ்சி மண் சுருங்குவது காரணமாக இருக்கலாம். அப்போதும் அவசரப்பட்டுப் பெரிய மரத்தை ஒரே நாளில் எடுத்துவிடாதீர்கள். நீர் உறிஞ்ச ஆளில்லாமல் களிமண் உப்பி, இருக்கும் அஸ்திவாரத்தைக் கீழிருந்து தூக்கிய வீடுகள் உண்டு.

சுவரிலோ மாடி வெடிப்பிலோ முளைத்த ஆலும் அரசும் வேறு கணக்கு. கையளவு இருக்கும்போதே வேரோடு எடுத்துவிடுங்கள். பிறகு சுவரையும் சேர்த்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும்.

## யாரைக் கூப்பிடுவது, எதை நீங்களே செய்யலாம்

கால் தரையில் இருக்க வேண்டும், வெட்டும் கை தோளுக்கு மேல் போகக்கூடாது, கிளை மணிக்கட்டு மொத்தத்துக்குள் இருக்க வேண்டும். மூன்றும் பொருந்தினால் நீங்களே வெட்டலாம். முதலில் அடிப்பக்கம் ஒரு சிறு வெட்டு, பிறகு சற்றுத் தள்ளி மேலிருந்து வெட்டிக் கிளையை விழவைத்து, மிஞ்சிய முளையைத் தண்டை ஒட்டிய புடைப்புக்கு வெளியே அறுங்கள்; புடைப்பைத் தொடாதீர்கள். ஏணியில் நின்று இயந்திர ரம்பம் பிடிப்பதை மட்டும் செய்யவே செய்யாதீர்கள்.

மரத்தைச் சோதிப்பவரும் வெட்டுபவரும் வேறு வேறு ஆளாக இருப்பது நல்லது. வெட்டினால்தான் கூலி என்கிறவரிடம் வெட்டலாமா என்று கேட்பதில் பயனில்லை. 1924இல் தொடங்கிய பன்னாட்டு மரவளர்ப்புச் சங்கம் தேர்வு வைத்து மர வல்லுநர்களுக்குச் சான்று வழங்குகிறது. அப்படிப்பட்டவர் கிடைத்தால் சிறப்பு. கிடைக்காவிட்டால் தோட்டக்கலை அலுவலரையோ வனத்துறையினரையோ கேளுங்கள்.

வந்தவர் அடிமரத்தைத் தட்டிப் பார்க்காமல் அண்ணாந்தே விலை சொன்னால் வேறு ஆளைப் பாருங்கள். ‘உச்சியை மொட்டையடித்துவிட்டால் பயமில்லை’ என்றாலும் அப்படித்தான். மொட்டையடித்த இடத்தில் வரும் கிளைகள் மேலோட்டமாக ஒட்டியே வளரும், வெட்டுவாயில் அழுகலும் இறங்கும். ஐந்தாறு ஆண்டில் முன்னைவிட ஆபத்தான மரம் கிடைக்கும். விபத்துக் காப்பீடு உண்டா என்று கேளுங்கள். சொந்த நிலத்து மரமானாலும் பல இடங்களில் வெட்ட அனுமதி வேண்டும். உள்ளாட்சி அலுவலகத்தில் கேட்டபிறகே நாள் குறியுங்கள். கூட்டில் குஞ்சு இருந்தால், ஆபத்து உடனடியாக இல்லாத பட்சத்தில், சில வாரம் தள்ளிவையுங்கள்.

வெட்டிய அன்று அடிக்கட்டையின் முகத்தைப் படம் எடுத்து, நல்ல கட்டை எவ்வளவு இருந்தது என்று அளந்து எழுதி வையுங்கள். பக்கத்திலேயே அதே வயதில், அதே பள்ளம் தோண்டிய மண்ணில் நிற்கும் அடுத்த மரத்தைத் தட்டிப் பார்க்கும்போது அந்த அளவு தேவைப்படும்.